மாப்பை எழுத்து

கிண்ணியாவில் அசனாவின் வீட்டு வளவுக்கு யாரும் அடையாளம் கேட்க வேண்டியதில்லை. துறையடியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடற்கழியைக் கடக்கும்போதே கண்ணில் படும். கரையோர மணலில் வெள்ளை வெள்ளையாய் விரிந்து கிடக்கும். ஊருக்குப் புதிதாய் மாறிவந்த தபாற்காரர் ஒருவர் அதைக் கொக்குக் கூட்டம் என்று நினைத்து, பாதையில் நின்றவர்களிடம், "இந்தக் கொக்குகள் ஏன் பறக்காமலே கிடக்குது?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அது கொக்கு வளவு. தபாற்காரரும் அந்தப் பெயரிலேயே கடிதம் கொண்டுவந்து கொடுக்கும்படி ஆயிற்று.

அங்கே காய்ந்தவை மாப்பைகள். கடல் கடந்து வரும் கோதுமை மா அந்தக் காலத்தில் பருத்தித் துணிப் பைகளில்தான் வந்தது. கப்பலிலிருந்து வத்தை என்ற சரக்குப் படகில் இறங்கி, வத்தையிலிருந்து ஆட்களின் முதுகில் ஏறித் திருகோணமலைத் துறைமுகத்து மாக் களஞ்சியத்துக்குப் போகும். அந்த முதுகுகளில் ஒன்று அசனாவின் புருசன் ஆதம்பாவாவினுடையது. அவர் சுமந்த மா பேக்கரிக்குப் போய்ப் பாணாகி ஊரார் வயிற்றில் அடங்கும். வெறும் பை அவருடைய பெண்சாதியிடம் வந்து சட்டையாகி ஊரார் தோளில் ஏறும். "உள்ளுக்கும் நாங்கதான், வெளிக்கும் நாங்கதான்" என்று ஆதம்பாவா பாதையில் நின்று பெருமை அடிப்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களின் உள்பெனியனும் அசனா தைத்ததாகத்தான் இருக்கும்.

தொடக்கத்தில் அது வீட்டுத் தேவைக்குத்தான். தலையணை உறை, பிள்ளைக்கு ஒரு உள்பாவாடை, அவ்வளவு. பிறகுதான் அரசாங்கத்தின் கையில் வெளிநாட்டுக் காசில்லை என்று இறக்குமதியை இறுக்கிப் பிடித்த வருசங்கள் வந்தன. துணிக்கடைத் தட்டுகள் வெறுமையாயின. கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சீத்தைத் துணி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றவர்கள், தங்கள் முறை வருவதற்குள் சீத்தை முடிந்து ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மாக் கப்பல் மட்டும் நிற்கவில்லை. அது நின்றால் பாண் நிற்கும், பாண் நின்றால் அரசாங்கம் நிற்காது. துணிக் கப்பல் வராமல் மாக் கப்பல் மாத்திரம் வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மாக் கப்பலுக்குள்ளே துணிக் கப்பலைக் கண்டவள் அசனாதான்.

அதை ஆதம்பாவா யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. அவர் பன்னிரண்டு வயதிலிருந்து பை சுமந்தவர். ஒருநாளாவது பையைத் துணி என்று நினைத்ததில்லை. அது அவருக்கு வெறும் பாரம்.

அசனா வேலை செய்வதைப் பார்த்தால் தெரியும். பையின் வாய் சங்கிலித் தையலால் மூடியிருக்கும். அந்தத் தையலுக்கு இரண்டு நுனி. பிழையான நுனியை இழுத்தால் முடிச்சு விழுந்து கத்திரிக்கோல்தான் தீர்வு. சரியான நுனியை இழுத்தால் சர்ரென்று ஒரே இழுவையில் முழுத் தையலும் கழன்றுவிடும். அசனா கண்ணால் தேடமாட்டாள். பெருவிரலை வாயோரம் ஓட்டுவாள், நின்ற இடத்தில் இழுப்பாள். கழன்ற நூலும் வீண் போகாது. உருண்டையாய்ச் சுற்றி வைத்து அதே நூலால் அதே துணியைத் தைப்பாள். "மா அனுப்பினவனே துணியும் தந்து நூலும் தந்திருக்கிறான், ஊசியை மட்டும் மறந்துட்டான்" என்பாள்.

துணி லேசு. எழுத்துத்தான் பாடு. ஒவ்வொரு பையிலும் மா ஆலையின் பெயர், நாட்டின் பெயர், பூவோ சிங்கமோ ஏதாவது ஒரு படம் என்று மை ஊறி நிற்கும். நீல மைக்கு மண்ணெண்ணெய் பூசிச் சுருட்டி வைக்க வேண்டும். சிவப்பு மைக்குத் தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைச் சாறு. பிறகு சலவைச் சோடா போட்டு அவித்து, கல்லில் அடித்து, ஈர மணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெயிலுக்குக் கொடுக்க வேண்டும். சில நாட்டு மை ஒரு வெயிலில் ஓடிவிடும். சிலது பிடிவாதம். அசனாவுக்கு அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியாது. ஆனால் பையைக் கையில் எடுத்ததும், "இது லேசில போகாத நாட்டுக்காரன்" என்று சொல்லி வேறாக வைப்பாள்.

எழுத்து முழுதாய்ப் போக வேண்டும் என்பதில் அவள் விடாப்பிடி. அதற்குக் காரணம் இருந்தது. கலியாணம் முடித்த புதிதில் ஆதம்பாவா அரைகுறையாய் வெளுத்த மாப்பைக் காற்சட்டை ஒன்றோடு வேலைக்குப் போனார். குனிந்து மூட்டை தூக்கியபோது பின்பக்கத்தில் ஒரு சிங்கத்தின் பாதித் தலை தெரிந்தது. களஞ்சியத்தில் அவரை நெடுங்காலம் 'சிங்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே வந்து அதை வீட்டில் சொன்னார். அசனா சிரிக்கவில்லை.

"இல்லாதவன் எண்டு முதுகில எழுதி ஒட்டிக்கொண்டா மச்சான் மனிசன் திரியிறது?" என்றாள்.

அன்று அவள் எடுத்த முடிவு அது. கொக்கு வளவிலிருந்து போகிற துணியில் ஒரு பொட்டு மை இருக்கக் கூடாது. பின்னாட்களில் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சீருடையைக் கூட அவள் தைத்தாள். வாத்திமார் வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டார்கள். அவளோடு வேலைக்குச் சேர்ந்த அயல் பெண்கள் நான்கு பேரின் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அவர்களில் இளையவள் பரீனா. ஆதம்பாவாவின் தங்கை. புருசன் வெருகல் பக்கம் மீனுக்குப் போனவன் அங்கேயே ஒரு குடும்பமாகிவிட, கைப்பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள்.

பிறகு ஆட்சி மாறியது. இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டோம் என்றார்கள். திருகோணமலைக் கடைத்தெருவில் நைலெக்ஸ், பொலியெஸ்ரர், பூப்போட்ட சட்டைத் துணி என்று தட்டு நிரம்பி நடைபாதைக்கும் வழிந்தது. மாப்பை உள்பாவாடையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆதம்பாவா கடைக்காரர்களைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அசனா அதையும் ஏற்கவில்லை. மலிவாய்த் துணி வருவது நல்லதுதான், பரீனாவின் பிள்ளை பிறந்து இதுவரை வெள்ளையைத் தவிர ஒரு நிறம் உடுத்ததில்லை, தன் வேலை போகிறது என்பதற்காக அதைக் கெட்டது என்று சொல்லலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அடுத்த நாளே பிள்ளைக்கு ஒரு சிவப்புப் பூச்சட்டை வாங்கி வந்தாள். தன் பிழைப்பைக் கெடுத்த துணியைத் தானே விலைக்கு வாங்கி, மடிப்பு எடுத்து, ஒரு பிள்ளைக்கு உடுத்தி அழகு பார்க்கிற மனுசியை ஆதம்பாவா அதற்குமுன் கண்டதில்லை.

அடுத்த இடி துறைமுகத்தில் விழுந்தது. குடாவின் அந்தப் பக்கம் பெரிய மா ஆலை ஒன்று எழும்பியது. இனி மா வராது, கோதுமையே வரும், கப்பலின் வயிற்றுக்குள் குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பார்கள் என்று கதை வந்தது. ஆதம்பாவா நம்பவில்லை. போய்ப் பார்த்தார். நூறு பேர் நாட்கணக்கில் சுமந்ததை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று வாய் பார்க்க மட்டும் ஆட்கள் இருந்தார்கள். படித்த இளம் பெடியன்கள் சிலருக்கு ஆலையில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது. முதுகு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வேலை முடிந்தது. உள்ளூரில் அரைத்த மாவுக்கு வந்த பைகளும் பின்னல் பிளாஸ்டிக். பாணின் விலைக்கு அது நல்லது என்றார்கள். தைக்கத்தான் ஏலாது.

ஆக ஒரே வருசத்துக்குள் சுமையும் போயிற்று, துணியும் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் மூத்த மகளுக்காகக் கட்டத் தொடங்கிய வீடு யன்னல் மட்டத்தோடு நின்றது. மகளுக்கு ஒரு வீட்டைக் காட்டாமல் மாப்பிள்ளை கேட்டுப் போக முடியாத ஊர் அது. மழைக்கு அந்தச் சுவரில் புல் முளைத்தது.

அப்போதுதான் மூதூர் லாபிர் வரத் தொடங்கினான். புதுச் சேட்டு, வெயிலில் மின்னும் கைக்கடிகாரம். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்புகிறவன். ஏமாற்றுக்காரன் அல்ல. அவன் அனுப்பிய இரண்டு மூன்று வீடுகளில் ஓடு ஏறியிருந்தது. ஆதம்பாவாவுக்கு வேலை இல்லையா என்று கேட்டதற்கு, அங்கே இப்போது பெண்களைத்தான் கேட்கிறார்கள் காக்கா என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

அசனா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் போகிறேன் என்றாள். ஆதம்பாவா முற்றத்தில் குந்தியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்றால் வேறென்ன என்று அவள் கேட்கமாட்டாள், அதுதான் பயம். கேட்டாலாவது சண்டை பிடிக்கலாம்.

"ரெண்டு வருசம்தானே. சுவர் எழும்பினா வந்துருவன்" என்றாள் அவள்.

"நீ போனா இந்த நாலு புள்ளைகளுக்கும் ஆர் வேலை குடுப்பா?"

"நான் இருந்தாலும் என்ன வேலை குடுக்க மச்சான்? மணல்தான் கிடக்கு."

பாஸ்போட்டுக்கும் வைத்தியச் சோதனைக்குமாக லாபிர் அவளையும் வேறு இரண்டு பெண்களையும் கொழும்புக்குக் கூட்டிப் போனான். கொக்கு வளவில் கடைசியாய் ஒரு வேலை மிச்சம் இருந்தது. உப்புவெளியில் நாலு அறையோடு விருந்தினர் விடுதி நடத்தும் புஸ்பராணிக்குத் தலையணை உறைகள். துணிப் பஞ்சக் காலத்திலிருந்தே அவளுக்கு விரிப்பும் உறையும் கொடுத்துவந்தவள் அசனா. இனிமேல் கொழும்பிலிருந்து வந்திறங்கும் விரிப்புகளே போதும் என்று புஸ்பராணி சொல்லிவிட்டாள். இது கடைசித் தடவை. கடைசி வேலை என்பதற்காகக் குறை வைக்கக் கூடாது என்று பரீனாவிடம் பலமுறை சொல்லிவிட்டுத்தான் அசனா பஸ் ஏறினாள்.

பரீனா குறை வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், அவசரம். உறை ஒன்று குறைந்தது, வெளுத்த துணி கிடந்த அறையின் சாவியோ அசனாவோடு கொழும்புக்குப் போயிருந்தது. நீல மைப் பை ஒன்றுக்குத் தேசிக்காய்ப் புளியைப் பூசிவிட்டாள். எழுத்து போவதற்குப் பதில் இன்னும் நன்றாய்க் கொழுத்து நின்றது. பயந்துபோய் அதற்கு மேலே மண்ணெண்ணெயைத் தேய்த்தாள். அவிக்க நேரமில்லை. எழுத்து உள்பக்கம் போக மறித்துத் தைத்து, மற்ற உறைகளின் நடுவே வைத்துக் கட்டிவிட்டாள். ஆதம்பாவா ஒன்றும் அறியாமல் அந்தத் துணிக் கட்டைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து உடனே வரும்படி உப்புவெளியிலிருந்து ஆள் வந்தது. ஆதம்பாவா போனபோது புஸ்பராணி சமையல் குசினி வாசலில் நின்றாள். முகத்தில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் கதிரையில் கால் மடக்கி இருந்தாள். அவளுடைய கன்னத்தில் நீல நிறத்தில் ஒரு வரி எழுத்து, கண்ணாடியில் தெரிவது போல இடவல மாறாட்டமாய்ப் பதிந்திருந்தது. அறையை ஒழுங்கு செய்த பெண் எழுத்துப் பக்கத்தை வெளியே மறித்துத் தலையணையில் மாட்டிவிட்டாள். இரவு வேர்வையில் மண்ணெண்ணெய் மை கன்னத்துக்கு ஏறிவிட்டது.

அசனாவின் பெயர் போயிற்று என்று ஆதம்பாவா அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

"காக்கா, இதில என்ன எழுதியிருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" புஸ்பராணி உறையை எடுத்து விரித்தாள்.

"மா எண்டு எழுதியிருக்கும் தங்கச்சி. எங்கட ஆள் ஊரில இல்ல. சின்னப்புள்ள ஒண்டு செய்த பிழை..."

"மா எண்டு மட்டும் இல்லை. ஒரு நாட்டுச் சனம் இனாமாய்த் தந்த மாவாம். கீழ எழுதியிருக்கிறான், இது விற்பனைக்கு அல்ல எண்டு." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவ காலமை எழும்பிக் கண்ணாடியைப் பாத்தவ. விற்பனைக்கு அல்ல எண்டு தன்ர கன்னத்தில கிடக்காம். அப்ப துவங்கின சிரிப்பு."

வெள்ளைக்காரப் பெண் கதிரையிலிருந்து எழுந்து ஏதோ சொன்னாள். அதைப் புஸ்பராணி தமிழில் சொல்லியும் ஆதம்பாவா நம்பவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு உறை விலைக்கு வேண்டுமாம். அது மட்டுமல்ல, அதே எழுத்து நெஞ்சில் வர ஒரு சட்டையும் வேண்டுமாம். அவளோடு வந்தவர்களுக்கும் வேண்டுமாம். எழுத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள் என்கிறாள் என்றாள் புஸ்பராணி.

பாதையில் திரும்பி வரும்போது ஆதம்பாவா வழமைபோலக் கதை சொல்லவில்லை. எழுத்து இருந்தால் ஏழைக்குக் கேவலம். அதே எழுத்து இருந்தால் இவர்களுக்கு அலங்காரம். இல்லாத ஊரில் பிறந்தவனுக்குத்தான் இல்லை என்று தெரியக் கூடாது என்ற கவலை, நிறைய இருக்கிற ஊரில் பிறந்தவளுக்கு அது பகிடி. இதை அசனாவிடம் எப்படிச் சொல்வது?

அவள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். பாஸ்போட்டு அலுமாரிக்குள் ஏறியிருந்தது. பரீனா மூலையில் நின்று அழ, ஆதம்பாவா நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். பிழைக்கு ஏசுவாள் என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். அசனாவின் காது வேறொரு சொல்லில் நின்றுவிட்டது.

"விக்கக் கூடாதெண்டா எழுதியிருந்தது?"

"ஓம்."

"இவ்வளவு காலமும் நான் வித்தது விக்கக் கூடாதெண்டு எழுதி வந்ததையா?"

அன்று அவள் சோறு தின்னவில்லை. அடுத்த நாள் காலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிவாசல் லெப்பையின் வீட்டு வேலிக்குப் போய் நின்றாள். வாசிக்கத் தெரியாமல், மார்க்கம் விலக்கிய ஹராமான காசை உழைத்து நாலு வீட்டுக்கும் தின்னக் கொடுத்துவிட்டேனா என்று கேட்டாள். லெப்பை பை எங்கே வாங்கியது என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பிஸ்கற்றுச் செய்ய வந்த உதவி மா அது, மா முடிந்த பிறகு வெறும் பைகளை ஏலத்தில் விட்டார்கள், ஏலத்தில் எடுத்தவரிடம் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்றாள் அசனா. லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மாவை விக்கக் கூடாதெண்டு சொல்லியிருக்கு. பையைச் சொல்லேல்ல. மா பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா?"

"சேர்ந்தது. எண்ட மகளும் அந்தப் பிஸ்கற்றுத் திண்டவள்."

"அப்ப என்ன? தேங்காயைச் சதகா குடுத்தவன் சிரட்டையைத் திருப்பிக் கேக்கிறானா? போ புள்ள, போய்த் தை."

அவள் திரும்பி வந்த நடையைப் பார்த்தே ஆதம்பாவாவுக்கு விளங்கிவிட்டது. மிச்சமிருந்த வெளுக்காத பைகளை எல்லாம் முற்றத்தில் கொட்டினாள். இத்தனை வருசமும் எழுத்தை எங்கே ஒளிக்கலாம் என்று வெட்டிப் பழகிய கை, எழுத்தை எங்கே நிறுத்தலாம் என்று அளக்கத் தொடங்கியது. ஒரு பையில் ஆலையின் பெயர் முதுகின் நடுவே வர வெட்டினாள். பூப்படம் சட்டைப்பைக்குள் சிதையாமல் வர வேண்டும் என்று தைத்ததை இரண்டு தடவை பிரித்தாள். சிங்கம் வந்த பையை எடுத்ததும் ஆதம்பாவாவைப் பார்த்து, "உங்கட ஆள் வந்திருக்கார்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாள்.

சட்டைகள் உப்புவெளிக்குப் போன வேகத்தில் விற்றுப்போயின. பக்கத்து விடுதிக்காரர்களும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நாலு பெண்களும் திரும்ப வந்து தையலில் குந்தினார்கள். ஆனால் வெளுக்காத பைகள் எத்தனை நாளைக்கு? புதிதாய் ஒரு பையும் வருவதற்கில்லை. அறையில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்ததெல்லாம் அசனா முன்பே வெளுத்து வைத்த துணி, எழுத்தில்லாத வெள்ளை. அவளுடைய கைத் திறமையே அவளுக்கு எதிராய் அடுக்கி நிற்கிறது என்று ஆதம்பாவாவுக்குத் தோன்றியது. லாபிரும் ஆள்விட்டிருந்தான், விசா வந்துவிட்டது, அடுத்த கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

அன்றிரவு ஆதம்பாவா ஒரு யோசனை சொன்னார். களஞ்சியத்தில் மூட்டைகளுக்குக் குறி போடத் தகரத்தில் எழுத்து வெட்டி, மேலே மை பூசுவார்கள். அந்தத் தகரம் வெட்ட அவருக்கும் தெரியும். வெள்ளைத் துணியில் அதே நாட்டுப் பெயரை, அதே படத்தை நாமே அடித்தால் என்ன?

அசனா தலையை ஆட்டினாள். "அது அவன் எழுதினது. அவன் எழுதாததை அவன் எழுதினதெண்டு நாம அடிச்சா அதுதான் ஹராம்."

"அப்ப என்னத்த அடிக்கிற?"

அவள் அடுக்கிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மடியில் விரித்தாள்.

"எங்கட ஊர்ப் பேரை அடிப்பம். கீழ, விற்பனைக்கே எண்டு எழுதுவம். நாங்க விக்கத்தானே போறம்? உள்ளதை எழுதினா லெப்பையிட்டப் போகத் தேவல்ல."

ஆதம்பாவா மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி விரித்து அடுத்த நாள் முழுவதும் அதோடு கிடந்தார். ஆங்கில எழுத்து வெட்டிப் பழகிய கை தமிழிடம் தோற்றது. 'கி' வெட்டினால் சுழியின் வயிறு கழன்று விழுந்தது. 'ண்' வெட்டினால் மூன்று சுழியும் சேர்ந்து ஒரு பொத்தலாயிற்று. துணியில் பதித்துப் பார்த்தபோது கிண்ணியா என்ற இடத்தில் வரிசையாய்க் கறுப்புக் கத்தரிக்காய்கள் கிடந்தன. பரீனா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு சுழிக்கும் ஒரு மெல்லிய பாலம் விட வேண்டும் என்று கடைசியில் பிடிபட்டது. எழுத்து இடையிடையே வெட்டுப்பட்டு நின்றாலும், பார்த்தால் கப்பலில் வந்த மூட்டைக் குறி போலவே ஒரு எடுப்பு.

மைக்கு அசனா யாரிடமும் கேட்கவில்லை. அழிப்பதற்குப் பட்ட பாட்டில் அழியாதது எது என்று அவளுக்கு மனப்பாடம். கடுக்காயை இடித்து அவித்து, துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஊறவிட்டாள். கறுகறுவென்று வந்தது. ஒரு துணியில் பதித்து, காயவைத்து, தன்னிடம் இருந்த எல்லா வித்தையையும் அதன்மேல் காட்டினாள். மண்ணெண்ணெய் பூசினாள், சோடாவில் அவித்தாள், கல்லில் அடித்தாள், மணலில் விரித்தாள். கடைசியாய்த் தேசிக்காய்ப் புளியைப் பூசியபோது மட்டும் கொஞ்சம் மங்கியது. "தேசிக்காய் பூசிச் சட்டை தோய்க்கிறவன் பரீனாவைத் தவிர உலகத்தில ஆருமில்ல" என்றாள். பரீனா அந்தத் துணியை வாங்கித் தன் பிள்ளைக்குப் போர்த்திவிட்டாள்.

முதல் சட்டைக் கட்டை ஆதம்பாவா பயந்து பயந்துதான் கொண்டுபோனார். வெளிநாட்டு எழுத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இந்தச் சுழிகளைத் தொடுவார்களா? புஸ்பராணி ஒரு சட்டையை எடுத்து வாசித்தாள். பிறகு விறாந்தையில் இருந்தவர்களிடம் கொண்டுபோய், இது என்ன எழுத்து, முன்னே வந்த சட்டையில் என்ன எழுதியிருந்தது, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னாள். அங்கே எழுந்த சிரிப்பு குசினி வரை கேட்டது. ஆதம்பாவா வெறும் சைக்கிளோடு வீட்டுக்கு வந்தார்.

வெள்ளி பின்னேரம் லாபிர் வந்தான். முற்றத்தில் நாலு பெண்களும் வேலையில் இருந்தார்கள். மணலில் துணிகள் விரிந்து கிடந்தன, இப்போது ஒவ்வொரு கொக்கின் நெஞ்சிலும் கறுப்பு எழுத்து. லாபிர் குனிந்து வாசித்தான்.

"என்ன ராத்தா, ஊரையே விக்கப் போறிங்களா?"

"ஊர்ப் பேரைத்தான் தம்பி. ஊர் இஞ்சதான் கிடக்கும்."

லாபிர் சிரித்துவிட்டு விசாக் கதையை எடுத்தான். இது காற்றடிக்கும் வரைதான் ஓடும், வாடைக்காற்றுத் தொடங்கினால் உப்புவெளியில் ஒரு வெள்ளைக்காரனும் நிற்கமாட்டான், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டான். அவன் சொன்னதில் பிழையில்லை என்று ஆதம்பாவாவுக்குத் தெரியும். அவர் அசனாவின் முகத்தைப் பார்த்தார்.

அவளும் அதை யோசித்திருந்தாள். புஸ்பராணியின் தமையன் தெற்கே காலி நகரப் பக்கத்து விடுதிகளுக்குச் சாமான் கொடுப்பவன், இங்கத்து மழைக்காலத்தில்தான் அங்கே வெள்ளைக்காரர் கூட்டம், அவனிடம் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறாள். சரிவந்தால் சரி. வராவிட்டால் அடுத்த வருசம் லாபிரிடம் அவளே வருவாள். அறையில் கிடக்கும் துணி முடிகிற வரைக்கும் போவதில்லை. அதை அவள் சத்தம் போடாமல், துணியில் மைத் தகரத்தை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னாள்.

"அப்ப பாஸ்போட்டு?"

"அலுமாரிக்குள்ள கிடக்கட்டும் தம்பி. சோறா கேக்குது?"

லாபிர் போகும்போது தனக்கும் ஒரு சட்டை என்று கேட்டு, காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். குவைத்தில் போட்டுக்கொண்டு திரிந்தால் நம் ஊர்ப் பெண்கள் கண்டு சந்தோசப்படுவார்கள் என்றான்.

அவன் பாதையில் ஏறிய பிறகு ஆதம்பாவா மனைவியின் பக்கத்தில் வந்து குந்தினார். தன் முதுகைத் திருப்பிக் காட்டி, தனக்கும் அந்த எழுத்து வைத்து ஒன்று தைத்துத் தருவாயா என்று மட்டும் கேட்டார்.

அசனா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னத்துக்கு எழுத்து? வெள்ளையாவே தாறன். நீங்க விற்பனைக்கு இல்ல."

பரீனா சிரிப்பை அடக்க முடியாமல் துணியில் முகத்தைப் புதைத்தாள். நிமிர்ந்தபோது, காயாத மையில் அவளுடைய கன்னத்தில் விற்பனைக்கே என்பதன் கடைசி 'கே' மட்டும் மாறாட்டமாய்ப் பதிந்திருந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆதம்பாவா எழுந்து போய் யன்னல் மட்டத்தில் நின்ற மகளின் வீட்டுச் சுவரில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கத் தொடங்கினார்.